ஆறு லிட்டர் எங்கே போனது?

அத்தியாயம் 9

ஊன் அக்காவின் டீசல் பங்க்கில் ஒரு கரும்பலகை உண்டு. எங்கள் பக்கத்துப் பிக்கப்காரர்களின் மானம் மரியாதை எல்லாம் அதில்தான் தொங்குகிறது. யார் வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுத்தது என்று வாராவாரம் சாக்பீஸால் எழுதிவைப்பார்கள். பெண் கொடுக்கிறவர்கள்கூட ஒருமுறை அந்தப் பக்கம் வந்து போவதாகக் கேள்வி. மாப்பிள்ளை நிதானமானவனா, பறக்கிறவனா என்று அதிலேயே தெரிந்துவிடுமாம்.

போன செவ்வாய்க்கிழமை அந்தப் பலகையில் தோங்கின் பெயருக்கு எதிரே 11.3 என்று ஊன் அக்கா எழுதியதோடு நிறுத்தியிருந்தோம். அவன் வண்டி எப்போதும் பதின்மூன்றரை கொடுக்கிற வண்டி. ஒரு வாரம் குறைந்தால் எதிர்க்காற்று என்று விட்டுவிடலாம். இது ஆறாவது வாரம்.

தோங்குக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. அவன் மனைவி ஜியாப்புக்குத்தான் தூக்கம் போனது.

போகாமல் என்ன செய்யும்? கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் அதே பங்க்கில் டீசல் போட்டவள் அவள். வாரத்துக்கு ஒருநாள் தங்கள் தோட்டத்துப் பச்சைப் பப்பாளியை ஏற்றிக்கொண்டு பாங்காக் ஓரத்துப் பெரிய சந்தைக்குப் போய்வருவது தோங்கின் வேலை. போக இருநூற்று ஆறு கிலோமீட்டர், வர இருநூற்று ஆறு. திரும்பி வந்ததும் டேங்க்கைக் கழுத்துவரை நிரப்புவது அவர்கள் வழக்கம். முன்பெல்லாம் முப்பது லிட்டர் பிடிக்கும். இப்போது முப்பத்தாறு பிடிக்கிறது.

ஆறு லிட்டர்! எங்கே போகிறது?

இந்த ஆறு வாரத்தில் ஜியாப் பார்க்காத வைத்தியம் இல்லை. டயரில் காற்று பார்த்தாள், சரியாக இருந்தது. ஏர் ஃபில்டர் மாற்றினாள். ஒழுகுகிறதோ என்று ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டையைப் போட்டுவைத்தாள். காலையில் அட்டை காய்ந்தே கிடந்தது. யாராவது திருடுகிறார்களோ என்று டேங்க் மூடிக்குப் பூட்டும் போட்டாயிற்று. அவள் அம்மா புவா தன் பங்குக்கு, வண்டியில் குடியிருந்து காக்கும் தாய்த்தெய்வத்துக்குத்தான் ஏதோ மனக்குறை என்று சொல்லி, முன்சக்கரத்துப் பக்கம் வாழைப்பழமும் சிவப்பு சோடாவும் வைத்துக் கும்பிட்டாள். சோடாவில் மறக்காமல் ஸ்ட்ராவும் போட்டிருந்தாள். அப்படியும் முப்பத்தாறுதான்.

"வண்டிக்கு வயசாயிடுச்சு" என்பான் தோங், கேட்டபோதெல்லாம்.

"ஆறு வாரத்துக்கு முன்னாடிதான் வயசாச்சா?"

உடனே பானட்டைத் திறந்து எண்ணெய் பார்க்கத் தொடங்கிவிடுவான்.

"டீசலைத் தேடாதே. உன் புருஷன் எங்க போறான்னு தேடு" என்றாள் புவா.

"எங்கயும் போகலையேம்மா. மீட்டர்ல நானூத்திப் பன்னிரண்டுதான் காட்டுது, எப்பவும் போல. வேற பாதையில திரும்பியிருந்தா கிலோமீட்டர் ஏறியிருக்கணும்ல?"

"ரோட்டோரத்துலயே எவளாவது வீடு கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா?"

ஜியாப் சிரித்துவைத்தாள். சிரிப்பு உள்ளே இறங்கவில்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். அடுத்த தெரு ரம்பாயின் புருஷன் இப்படித்தான், நெடுஞ்சாலையில் இன்னொரு குடும்பம் வைத்திருந்தது ஒன்பதாம் வருஷம் தெரிந்தது. தனக்கும் அப்படி ஒன்று வந்துவிட்டால், தோட்டத்தை விட்டு, வண்டியை விட்டு, அந்த மனிதனை விட்டு எப்படி இருப்பது என்று ஜியாப் பயந்தாள். யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

புவாவுக்கு அந்தக் கவலை அரைமணிக்கு மேல் நிற்காது. அவள் மனசு முழுக்கக் கொரியாவில் இருந்தது. மகன் கெங் எட்டு மாசத்துக்கு முன்னால் கொரியாவுக்குப் புறப்பட்டுப் போனவன். ஸ்ட்ராபெரி தோட்டத்தில் வேலை. அக்கா புருஷன் தோங்குக்கு மட்டும்தான் போன் பண்ணுவான். அம்மா குரலைக் கேட்டால் அழுதுவிடுவானாம். அதையே பெருமையாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள் புவா. வயது ஐம்பத்தெட்டு. வாய்க்கு மட்டும் இன்னும் பதினெட்டு.

இந்தச் செவ்வாய்க்கிழமை விடியும்போது பப்பாளி ஏற்றி முடிந்தது. தார்ப்பாயைக் கட்டிவிட்டுத் தோங் சாவிக்குக் கை நீட்டினான். ஜியாப் சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

"இன்னைக்கு நான் ஓட்டறேன், பீ தோங்."

பீ என்பது மூத்தவனுக்குக் கொடுக்கிற மரியாதை. கோபம் வந்தால் அந்தப் பீ போய்விடும், வெறும் தோங்தான். இன்னும் போகவில்லை என்பதைக் கவனிக்கவும்.

"நீயா? எதுக்கு?" தோங்கின் கை நீட்டினபடியே நின்றது.

"வண்டிக்கு வயசாயிடுச்சுன்னு சொன்னீங்கல்ல? எவ்வளவு வயசுன்னு பாத்துட்டு வரேன்."

"இன்னைக்கு வேணாம். அடுத்த வாரம் ஓட்டு."

"ஏன், இன்னைக்கு என்ன?"

"இன்னைக்கு... செவ்வாய்க்கிழமை."

"பப்பாளி எடுத்துட்டுப் போற எல்லா நாளும் செவ்வாய்க்கிழமைதான்."

தோங் பொய் சொல்லத் தெரியாதவன். சொல்ல வேண்டியிருந்தால் தரையைப் பார்த்துத்தான் சொல்லுவான். இப்போதும் தரையைப் பார்த்துக்கொண்டு, குளத்து மோட்டார் ரிப்பேர் ஆகிக் கிடக்கிறது, அதைப் பார்க்கிறேன் என்றான். பழைய சட்டையும் அரைக்கால் டவுசருமாக மோட்டார் பக்கம் நடந்தான். ஆனால் போகிற வழியில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான்.

"நானும் வரேன்" என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள் புவா. மடியில் ஒட்டரிசிச் சோறும் சுட்ட கோழியும். "வழியில எவளையாவது பிடிச்சா, மயிரைப் பிடிக்க ஆள் வேணும்ல?"

போகும்போது ஜியாப் எண்பதைத் தாண்டவில்லை. முதுகில் ஒரு டன் பப்பாளி. மலையிறக்கத்தில் கோயிலைக் கடந்தபோது சாமிக்கு மரியாதையாக மூன்று தடவை ஹாரன் அடித்தாள். புவா கோழிக்காலைக் கையில் வைத்துக்கொண்டே கும்பிட்டாள்.

சந்தையில் அவர்களிடம் வாங்குகிற நொய் அக்கா ஜியாப்பைப் பார்த்ததும் விசாரித்தாள். "என்ன, இன்னைக்கு தோங் வரலையா?"

"மோட்டார் ரிப்பேர்."

"நல்லதாப் போச்சு. டயருக்கு ஒரு வாரம் ஆயுசு கூடும்."

"ஏன்க்கா?"

"உனக்குத் தெரியாதா? முன்னெல்லாம் ஒன்பது மணிக்குக் கிளம்பினா, புதுப் பொண்ணு மாதிரி அலுங்காம குலுங்காம போவான். இப்பவும் ஒன்பது மணிதான். ஆனா கிளம்பும்போதே டயர் கத்துது. கேட்டுக்கு வெளிய போகும்போது பாதி சந்தை திரும்பிப் பாக்குது."

ஜியாப் அப்படியே நின்றுவிட்டாள். பங்க்கில் ஆறு வருஷம் நின்றவள் இதை எப்படி மறந்தாள்? டயர், ஃபில்டர், திருடன், தெய்வம் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாள். தோங்கின் வலது காலைச் சந்தேகப்படவில்லை. ஏனென்றால் அந்தக் கால் பன்னிரண்டு வருஷத்தில் தொண்ணூறைத் தாண்டியதில்லை. பலகையில் முதல் பெயராக இருக்கவேண்டும் என்று எறும்பு ஊர்கிற மாதிரி ஓட்டுகிறவன் அவன்.

தொண்ணூறில் போகும்போது பிக்கப் காற்றைத் தள்ளிக்கொண்டு போகும். நூற்றிருபதில் காற்றோடு மல்லுக்கு நிற்கும். தலை நிமிர்ந்து, பின்னால் பெட்டி திறந்து கிடக்கிற வண்டி அது. அந்தச் சண்டைக்குக் குடிக்கிற டீசல் கொஞ்சநஞ்சமல்ல.

மணி ஒன்பது. ஜியாப் வண்டியை எடுத்தாள்.

"அம்மா, பிடிச்சுக்கோ."

"எதை?"

"எதையாவது."

நெடுஞ்சாலை ஏறியதும் முள் நூற்றிருபதுக்குப் போனது, அங்கேயே நின்றது. புவா மேலே இருந்த பிடியை ஒரு கையாலும் கண்ணாடியில் தொங்கின பூமாலையை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, உனக்கு என்ன பைத்தியமா? நான் இன்னும் கெங் கல்யாணத்தைப் பாக்கலைடி!"

"பாப்பே. மாலையை விடு, அறுந்துடும்."

"மெதுவா போயேன்!"

"மெதுவா போனா ஒண்ணும் தெரியாதும்மா."

காலியான பெட்டி மேட்டில் துள்ளியது. லாரிகள் பின்னால் போயின. தர்பூசணிக் கடைகள், சோளக்கடைகள், பெரிய பெரிய சுவர்கள் எல்லாம் ஒன்றாகக் கலந்து ஓடின. தோங் இந்த வேகத்தில், தனியாக, வாராவாரம் வந்தானா என்று நினைத்தபோது ஜியாப்புக்குக் கோபத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது. ஒரு டயர் வெடித்தால் போதுமே.

ஊன் அக்காவின் பங்க்குக்குள் வண்டி நுழைந்தபோது மணி பத்து நாற்பத்து மூன்று.

"என்னடி இது, கேஸ் சிலிண்டர் மாதிரி சூடா வந்து நிக்கறே?" என்றாள் ஊன் அக்கா.

"குழாயை என்கிட்ட கொடுக்கா. அம்மா, பின்னாடி ஏறு."

எங்கள் ஊரில் டேங்க் நிரப்புவது ஒரு வேலை. குழாய் டக்கென்று நின்றதும் முடிந்தது என்று போகிறவன் ஏமாந்தவன். உள்ளே காற்று தங்கியிருக்கும். வண்டியை ஆட்டவேண்டும். ஆட்ட ஆட்டக் குமிழி மேலே வரும், மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றவேண்டும். கழுத்தில் டீசல் பளபளவென்று தெரிந்து, ஆட்டினாலும் இறங்காமல் நின்றால்தான் நிரம்பியது. ஆட்டாமல் போட்டுவிட்டு இன்று பதினாறு கொடுத்தது என்று பீற்றிக்கொள்கிறவனுக்கு அந்தப் பலகையில் இடம் கிடையாது.

வழக்கமாக ஆட்டுகிறவன் தோங். இன்று புவா பின்பெட்டியில் ஏறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். தொப்பி நழுவியது. பங்க்கில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"இன்னும் கொஞ்சம்மா!"

"இதுக்கு மேல குதிச்சா நான் பிள்ளை பெத்துடுவேன்டி!"

குமிழி நின்றது. ஜியாப் மீட்டரைப் பார்த்தாள். முப்பத்தாறு லிட்டர், அதற்கு மேல் அரை லிட்டர்.

ஊன் அக்கா சாக்பீஸை எடுத்தாள். "பதினொண்ணு புள்ளி மூணேதான்."

"எழுதாதேக்கா" என்றாள் ஜியாப்.

வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. ஆறு வாரமாகத் தோங் நூற்றிருபதில்தான் வந்திருக்கிறான். அதே டீசல், அதே தூரம். ஆனால் அவள் இப்போது பத்து நாற்பத்து மூன்றுக்கு வந்து நிற்கிறாள். தோங் எந்தச் செவ்வாய்க்கிழமையும் பதினொன்று பதினேழுக்கு முன்னால் வந்ததில்லை. முன்பு தொண்ணூறில் வந்தபோது எத்தனை மணியோ, இப்போதும் அதே மணி. நேரம் மாறாததால்தான் அவளுக்கு வேகத்தின் மேல் சந்தேகமே வரவில்லை.

"அம்மா, அவர் டீசலைத் திருடலை. நேரத்தைத் திருடறார்."

"என்ன உளறறே?"

"பறந்து வந்து நேரத்தை மிச்சம் பிடிக்கிறார். மிச்சம் பிடிச்சதை ரோட்டோரத்துல எங்கயோ செலவு பண்றார். முப்பத்து நாலு நிமிஷம், வாராவாரம்."

புவா பின்பெட்டியிலிருந்து மெதுவாக இறங்கினாள். இத்தனை நாள் வாய்க்கு வந்தபடி எவளோ ஒருத்தி என்று சொல்லிக்கொண்டிருந்தவள், இப்போது அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மகளின் கையைப் பிடித்தாள்.

"இரு, குடிக்க ஏதாவது வாங்கிட்டு வரேன்" என்று கடைப்பக்கம் போனாள்.

அப்போதுதான் நெடுஞ்சாலையிலிருந்து ஒரு மோட்டார் பைக் பங்க்குப் பக்கம் திரும்பியது. தோங்! குளத்து மோட்டாரைப் பார்க்கப் போனவன், முழுக்கால் சட்டை, கழுத்துவரை பட்டன் போட்ட வெள்ளைச் சட்டை, காலில் ஷூ. தலைகூடப் படிய வாரியிருந்தது. இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது, அதற்குள் வீட்டுக்குப் போய் டவுசரை மாட்டிக்கொண்டு குளத்தில் இறங்கிவிடலாம் என்று நினைத்து வந்தவன். தன் வண்டி டீசல் குழாய்க்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்ததும் பைக்கை எங்கே நிறுத்துவது என்றுகூடத் தெரியாமல் தடுமாறினான்.

"சீக்கிரம் வந்துட்டியே" என்றான்.

"நீங்க வர்ற வேகத்துலதான் வந்தேன், தோங்."

பீ போய்விட்டது. தோங்குக்குப் புரிந்தது.

"முப்பத்து நாலு நிமிஷம். எங்க நிக்கறீங்க? யாருக்காக இந்தச் சட்டை? பன்னிரண்டு வருஷத்துல எனக்காக ஒருநாளாவது கழுத்து பட்டன் போட்டிருக்கீங்களா?"

"ஜியாப், வீட்டுல போய்ப் பேசலாம்."

"இங்கயே பேசலாம். இங்கதான் நீங்க முதல் தடவை என்கிட்ட டீசல் போட்டீங்க. முடியறதும் இங்கயே முடியட்டும்."

தோங்கின் முகம் ஒரு மாதிரி ஆனது. சுற்றுமுற்றும் பார்த்தான். "அம்மா எங்க?"

"அம்மாவை ஏன் கேக்கறீங்க?"

"எங்கன்னு சொல்லு."

"கடைக்குப் போயிருக்கா."

அவன் கிட்டே வந்தான். குரலை இறக்கினான்.

"கெங் கொரியா போகலை."

"என்னது?"

"ஏஜென்ட் ஏமாத்திட்டான். ஃபிளைட்டே ஏறலை. வீட்டுக்குத் திரும்பி வர வெக்கப்பட்டுக்கிட்டு, பாங்காக்லயே பைக்ல பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கற வேலைக்குச் சேர்ந்தான். ஒரு பார்சல்ல மாத்திரை இருந்திருக்கு. போதை மாத்திரை. தெரிஞ்சு கொண்டுபோனானா, தெரியாம கொண்டுபோனானான்னு நான் கேக்கலை. நாலு வருஷம் போட்டுட்டாங்க." மூச்சு வாங்கிக்கொண்டான். "ஆறு வாரத்துக்கு முன்னாடி இங்க நம்ம ரோட்டுச் சிறைக்கு மாத்தினாங்க. இன்னைக்கு நீ ரெண்டு தடவை அந்தச் சுவரைத் தாண்டி வந்திருக்கே. செவ்வாய்க்கிழமைதான் அவன் பிளாக்குக்குப் பாக்கற நாள். பேரைக் கூப்பிடற வரைக்கும் காத்திருக்கணும், அப்புறம் கால்மணி பேச விடுவாங்க. டவுசர் போட்டுட்டுப் போனா உள்ள விடமாட்டாங்க."

அவளுடைய தம்பி. அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. அத்தனை நாள் இல்லாத ஒருத்தியின் முகத்தை மனசுக்குள் வரைந்துகொண்டிருந்தவள், இப்போது நினைத்துக்கொண்டது கெங்கின் முகத்தை. நிம்மதியும் துக்கமும் ஒரே நேரத்தில் வந்தால் மனுஷி என்னதான் செய்வாள்? டீசல் மணக்கிற கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கண் இன்னும் எரிந்தது.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, பீ தோங்."

"சொன்னா நீ ஒருநாளும் அம்மா முன்னாடி சிரிச்சுக்கிட்டு இருக்கமாட்டே. உன் முகத்துலயே அம்மா படிச்சிடுவா. அவன் என்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்கான். அம்மாவுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சு அம்மா வந்து நின்னா, பேரைக் கூப்பிட்டாலும் ஜன்னல்கிட்ட வரமாட்டேன்னான். யாரையும் பாக்கமாட்டானாம், என்னையும்தான்."

தோங் பேச்சை நிறுத்தினான். ஜியாப்பின் தோளுக்கு மேலே எதையோ பார்த்தான்.

புவா நின்றுகொண்டிருந்தாள். கையில் மூன்று கப் ஐஸ் காபி. இரண்டு கப் போதும் என்று போனவள், மருமகன் பைக் வருவதைப் பார்த்து மூன்றாவது வாங்கியிருக்கவேண்டும். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. போதுமான நேரம் நின்றிருக்கிறாள் என்று மட்டும் தெரிந்தது.

பங்க்கில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. ஊன் அக்கா அதைக் கவனிக்கிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டாள்.

புவா ஒரு கப்பை மகளிடம் கொடுத்தாள். ஒன்றைத் தோங்கிடம் நீட்டினாள். அவன் வாங்காமல் நின்றான். அவளே அவன் கையைப் பிடித்து அதில் வைத்தாள்.

"சாப்பிடறானா?"

"சாப்பிடறான்மா."

"மெலிஞ்சிட்டானா?"

"கொஞ்சம்."

அவள் தலையாட்டினாள். ஊரெல்லாம் கொரியா கொரியா என்று பேசிய வாய் அது. அந்த வாய் இப்போது என்ன சொல்லுமோ என்று ஜியாப் பயந்தாள். புவா வண்டிக் கதவைத் திறந்து முன்சீட்டில் ஏறினாள், தொப்பியைச் சரிசெய்துகொண்டாள், ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

"அடுத்த செவ்வாய்க்கிழமை நானும் வரேன்."

"அம்மா, அவன் சத்தியமா வெளிய வரமாட்டான்மா. சொன்னா செய்யறவன். உங்களுக்குத் தெரியும்."

"வராட்டிப் போறான். அவன் பேரை அங்க ஒருத்தன் சத்தமா கூப்பிடுவான்ல, அதைக் கேட்டுட்டு வரேன்." புவாவின் குரல் அங்கேதான் ஒருமுறை உடைந்தது. பிறகு மருமகனை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னொண்ணு, தோங். இனிமே நூத்திருபதுல ஓட்டாதே. தொண்ணூறுலயே போ. லேட்டா வீட்டுக்கு வந்தா, யாருக்குப் பயப்படணும் இனிமே?"